நட்சத்திர வீரரின் விலையை நிர்ணயித்தவர் யார்?

1976 அக்டோபரில், புதிய பருவம் தொடங்கவிருந்த தறுவாயில், நியூயார்க் நெட்ஸ் அணி தன் தலைசிறந்த ஆட்டக்காரரான ஜூலியஸ் எர்விங்கை ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்ஸர்ஸ் அணிக்கு 30 லட்சம் டாலருக்கு விற்றது. மாற்றாக ஒரு வீரர்கூட வரவில்லை. பணம் மட்டும் வந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்புதான், மே 13 அன்று, இதே எர்விங் நெட்ஸுக்கு ஒரு சாம்பியன் பட்டத்தை வென்று தந்திருந்தார். ஏபிஏ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் கடைசிப் பட்டம் அது. 1967இல் என்பிஏவுக்குப் போட்டியாகத் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், ஒன்பது ஆண்டுகள் நட்டத்தில் தள்ளாடி, 1976 ஜூனில் தன் நான்கு அணிகளை என்பிஏவிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தது. நெட்ஸ், டென்வர் நகெட்ஸ், இண்டியானா பேஸர்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆகியவையே அந்த நான்கு.

விலை உயர்ந்த நட்சத்திர வீரரை ஓர் அணி வைத்துக்கொள்ள வேண்டுமா, கைமாற்றிவிட வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. அது பெரும்பாலும் திறமை பற்றிய கேள்வியாகவே விவாதிக்கப்படுகிறது: இவர் அந்தப் பணத்துக்குத் தகுதியானவரா, இவருக்கு ஈடாக வருபவர்கள் போதுமானவர்களா என்று. எர்விங் விற்கப்பட்ட கதையைக் கணக்கேடுகளோடு சேர்த்து வாசித்தால் இந்தக் கேள்வி வேறொரு முகம் காட்டும்.

நான்கு அணிகளும் நுழைவுக் கட்டணமாகத் தலா 32 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்பது ஒன்றிணைப்பின் நிபந்தனை. நெட்ஸுக்கு மட்டும் இன்னொரு சுமை இருந்தது. அது நியூயார்க் நிக்ஸ் அணியின் எல்லைக்குள் இயங்கியது. எனவே எல்லை மீறியதற்கான இழப்பீடாக நிக்ஸுக்கு 48 லட்சம் டாலரை, ஆண்டுக்கு 4.8 லட்சம் என்ற கணக்கில் பத்தாண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றானது. ஆக மொத்தம் 80 லட்சம். இந்த நிலையில், ஒன்றிணைப்பு நடந்தால் தம் சம்பளம் திருத்தப்படும் என்று உரிமையாளர் ராய் போ வாக்களித்திருந்ததாக எர்விங் சொன்னார். வாக்கு நிறைவேறும்வரை பயிற்சி முகாமுக்கு வர மறுத்தார். போவிடம் பணம் இல்லை. எர்விங்கை நிக்ஸே எடுத்துக்கொண்டு இழப்பீட்டைத் தள்ளுபடி செய்யட்டும் என்று ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. நிக்ஸ் மறுத்துவிட்டது. இறுதியில் ஃபிலடெல்ஃபியாவின் உரிமையாளர் ஃபிட்ஸ் டிக்ஸன் நெட்ஸுக்கு 30 லட்சமும், எர்விங்குக்கு ஏறத்தாழ 35 லட்சம் மதிப்புள்ள ஒப்பந்தமும் கொடுத்து அவரைப் பெற்றார்.

என்பிஏ இந்த ஒன்றிணைப்பை விரும்பியதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று எர்விங். அவரைத் தன் அரங்குகளுக்குக் கொண்டுவருவதற்காகவே கதவைத் திறந்த சங்கம், அந்தக் கதவுக்கு வைத்த கட்டணத்தாலேயே அவரை அவருடைய அணியிலிருந்து பிரித்தது. நெட்ஸ் என்பிஏவுக்குள் நுழைந்தது; நுழைவதற்கான தகுதியாக அது வைத்திருந்த ஒன்றை வாசலிலேயே விட்டுவிட்டு நுழைந்தது.

பின்விளைவுகள் இன்னும் கொடுமையானவை. எர்விங்குடன் இணைந்து ஆடுவதற்காக அந்தச் செப்டம்பரில்தான் நெட்ஸ் நேட் ஆர்ச்சிபால்டை வாங்கியிருந்தது. அதற்கு விலையாக 1977, 1978 ஆண்டுகளின் தன் முதல் சுற்றுப் புதுமுகத் தேர்வு உரிமைகளைக் கான்சஸ் சிட்டி கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டது. என்பிஏவில் முந்தைய பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கே புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. எர்விங் போனார், ஆர்ச்சிபால்டு 34 ஆட்டங்களில் காயம்பட்டு ஒதுங்கினார், நெட்ஸ் 22 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. தோல்விக்கு ஆறுதலாகக் கிடைக்க வேண்டிய தேர்வு உரிமை கான்சஸ் சிட்டிக்குப் போனது. 1977இல் அணி நியூ ஜெர்சிக்கு இடம்பெயர்ந்தது. 1978இல் போ அணியையே விற்றுவிட்டார். எர்விங் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஃபிலடெல்ஃபியா இறுதிச்சுற்றுக்குப் போனது; 1983இல் பட்டம் வென்றது.

விளையாட்டு இதழியல் இதை ஒரு மூடத்தனத்தின் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டது. அந்தத் தீர்ப்பு அவசரமானது. எர்விங்கின் மதிப்பு போவுக்குத் தெரியாமல் இல்லை. கூட்டத்தை அரங்குக்கு வரவழைப்பவர் யார் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. எர்விங் கேட்ட சம்பளம் அவருடைய திறமைக்கு அதிகம் என்று அன்று யாரும் வாதிட்டதாகவும் தெரியவில்லை. அவரை ‘விலை உயர்ந்தவர்’ ஆக்கியது நிக்ஸின் எல்லை உரிமை என்ற, ஆடுகளத்தோடு தொடர்பே இல்லாத ஒரு விதி. கடந்த அறுபதாண்டு என்பிஏ வரலாற்றில் இத்தகைய விற்பனைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு வீரர் விலை உயர்ந்தவரா என்பதை அவருடைய ஆட்டத்தைவிட அந்தந்தக் காலத்து விதிப்புத்தகமே பெரிதும் முடிவுசெய்திருப்பது புலப்படும்.

விதிகள் ஏறக்குறைய முழுமையாக உரிமையாளர் பக்கம் இருந்த காலத்திலிருந்து தொடங்கலாம். 1965 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி வில்ட் சேம்பர்லினை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தது. மூன்று பருவங்களுக்கு முன் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் எடுத்தவர். ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர். அவருக்கு ஈடாக வந்தவை மூன்று வீரர்களும் 1.5 லட்சம் டாலரும். அந்த மூவரில் ஒருவரான லீ ஷாஃபர், வரவே முடியாது என்று சொல்லி ஆட்டத்தையே விட்டுவிட்டார். 1962இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்த வாரியர்ஸுக்கு அங்கே எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 1964இல் இறுதிச்சுற்று வரை போன அணி அடுத்த பருவத்தில் தொடர்ந்து தோற்றது. சேம்பர்லின் உடல்நலமின்றிப் பருவத்தைத் தொடங்கியிருந்தார். உரிமையாளர் ஃபிராங்க்ளின் மியூலிக்குத் தேவைப்பட்டது ரொக்கம்.

இந்த விற்பனையை அறிவீனம் என்று எளிதில் ஒதுக்க முடியாது. வாரியர்ஸிடம் அப்போது நேட் தர்மண்டு என்ற இன்னோர் இளம் நடுக்கள வீரர் இருந்தார். சேம்பர்லின் போனால்தான் அவருக்கு இடம். அந்தப் பருவம் 17 வெற்றி, 63 தோல்வி என்று முடிந்தது. அதன் பயனாக 1965 புதுமுகத் தேர்வில் ரிக் பேரி கிடைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1967இல், வாரியர்ஸ் மீண்டும் இறுதிச்சுற்றில் நின்றது. எதிரே நின்றது ஃபிலடெல்ஃபியா, அதன் நடுவே சேம்பர்லின். 4-2 என்று ஃபிலடெல்ஃபியா வென்றது. விற்ற அணியும் வாங்கிய அணியும் இரண்டே ஆண்டுகளில் இறுதிச்சுற்றில் சந்தித்துக்கொண்ட இந்த நிகழ்வு, ‘விற்றவர் தோற்பார், வாங்கியவர் வெல்வார்’ என்ற எளிய சூத்திரத்தைச் சற்றே குலைக்கிறது.

ஆனால் 1965இன் பேரத்தில் கவனிக்க வேண்டியது வேறு. அதில் சேம்பர்லினுக்கு என்று ஒரு தரப்பே கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்கே கட்டுப்பட்டவர் என்ற தக்கவைப்பு விதி அன்று நடைமுறையில் இருந்தது. எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் அவர் வேறோர் அணியிடம் போய்த் தன் விலையைக் கேட்டறிய முடியாது. சந்தையே இல்லாத இடத்தில் விலை என்பது என்ன? உரிமையாளர் கொடுக்க மனமுவந்த தொகைதான் விலை. கொடுக்க மனமில்லாத தொகைதான் ‘அதிக விலை’.

அந்த நிலையை மாற்றியவர் ஆஸ்கர் ராபர்ட்சன். அவர் வாழ்வில் 1970 ஏப்ரல் ஒரு விசித்திரமான மாதம். வீரர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், என்பிஏ மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் பெயரில் வழக்குப் பதியப்பட்டது அந்த மாதத்தில்தான். பத்தாண்டுகள் அவர் ஆடிய சின்சினாட்டி ராயல்ஸ் அணி, இரண்டு சாதாரண வீரர்களுக்கு ஈடாக அவரை மில்வாக்கி பக்ஸுக்குக் கைமாற்றியதும் அதே மாதத்தில்தான். அதற்குச் சில வாரங்கள் முன்பு அவரைப் பால்டிமோருக்கு அனுப்ப முயன்றபோது அவர் மறுத்தார்; ஒப்புதலின்றிக் கைமாற்றக் கூடாது என்ற அரிதான ஒரு பிரிவு அவர் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தது. எல்லா வீரர்களுக்கும் இல்லாத ஓர் உரிமையைத் தாம் பயன்படுத்திக்கொண்டே, அதை எல்லாருக்கும் கேட்டு வழக்காடினார். மில்வாக்கி அடுத்த ஆண்டே பட்டம் வென்றது. சின்சினாட்டி 1972இல் தன் அணியையே இழந்தது; ராயல்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டது.

வழக்கு நியூயார்க் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ராபர்ட் கார்ட்டர் முன் வந்தது. 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய பிரவுன் வழக்கில் கறுப்பின மக்கள் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் அவர். வீரரை அணியோடு பிணைக்கும் விதிகள் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு அப்பாற்பட்டவை என்ற என்பிஏவின் வாதத்தை 1975இல் அவர் ஏற்க மறுத்தார். மறு ஆண்டே சமரசம் ஏற்பட்டது. எர்விங்கின் விற்பனைக்கு வழிவிட்ட ஒன்றிணைப்பும், வீரரின் விடுதலைக்கு வழிவிட்ட சமரசமும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. இது தற்செயல் அன்று. ராபர்ட்சன் வழக்கு தீராமல் ஒன்றிணைப்பு நடந்திருக்க முடியாது. விடுதலை படிப்படியாகவே வந்தது. முதலில் வீரரை இழந்த அணிக்கு இழப்பீடு உண்டு. பிறகு, போட்டி விலையைத் தானே கொடுத்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளும் முன்னுரிமை உண்டு. 1988இல்தான் நிபந்தனையற்ற சுதந்திரம் கிடைத்தது. அந்த ஆண்டு டாம் சேம்பர்ஸ் சியாட்டிலை விட்டு ஃபீனிக்ஸுக்குத் தாமாகவே போனார்.

சந்தை வந்ததும் உரிமையாளர்கள் அதற்கு வேலி கட்டத் தொடங்கினர். 1983இல் உடன்பாடான சம்பள உச்சவரம்பு 1984-85 பருவத்தில் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று தொடங்கியது; ஈடாக வருவாயில் 53 விழுக்காடு வீரர்களுக்கு என்று உறுதிசெய்யப்பட்டது. ஐபிஎல் ஏலத்தை அறிந்த இந்திய வாசகர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர். 2025 பருவத்துக்கு ஓர் அணியின் பையில் 120 கோடி ரூபாய் என்று வரம்பிட்டதைப் போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு. ஐபிஎல் பையின் வாய் இறுக்கமானது. என்பிஏ வரம்போ தளர்வானது. தன் சொந்த வீரரைத் தக்கவைப்பதற்காக ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்டு பெயரால் அறியப்படும் இந்த விலக்கு நெடுங்காலம் பழைய அணிகளுக்கே சாதகமாக இருந்தது.

அதன் உச்சம் 1997-98. அந்தப் பருவத்தில் அணிக்கான உச்சவரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் மட்டும் 3.31 கோடி. ஒரே ஆள் ஓர் அணியின் வரம்பைவிட அதிகம் பெற்றார். சிகாகோ அந்த ஆண்டும் பட்டம் வென்றது. மின்னசோட்டா, 21 வயதே ஆகியிருந்த கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி தர ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதே உரிமையாளர் அந்த அணி முழுவதையும் ஏறத்தாழ 8.8 கோடிக்கு வாங்கியிருந்தார். உரிமையாளர்கள் 1998இல் கதவடைத்தனர். பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. முடிவில் வந்தது தனிநபர் உச்சவரம்பு: பணிக்காலத்தைப் பொறுத்து, ஒரு வீரருக்கு அணியின் உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. வரம்பை மிகையாகத் தாண்டும் அணி செலுத்த வேண்டிய ஆடம்பர வரியும் அப்போதே எழுதப்பட்டது.

பொருளியல் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜோர்டன் 1998இல் பெற்றது உச்சவரம்பில் ஏறத்தாழ 123 விழுக்காடு. அவருக்குப் பின் வந்த எந்த ஆட்டக்காரரும் 35 விழுக்காட்டில் நிறுத்தப்பட்டார். அதாவது, தலைசிறந்த ஐந்தாறு பேரின் ‘அதிகபட்சச் சம்பளம்’ அவர்களுடைய சந்தை மதிப்பைவிட வெகுவாகக் குறைந்தது. செய்தித்தாளில் மிகப் பெரிய எண்ணாகத் தெரிவது உண்மையில் அங்காடியிலேயே மலிவான சரக்கு. அந்த மலிவு கண்ணில் படாததற்குக் காரணம், அணியின் இரண்டாவது, மூன்றாவது நட்சத்திரங்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள முயலும்போது வரி குறுக்கே வருவதுதான். அப்போது யாரோ ஒருவர் ‘விலை உயர்ந்தவர்’ என்று பெயரிடப்பட வேண்டியிருக்கிறது. பெயர் சூட்டப்படுபவர் பெரும்பாலும் வரிசையில் கடைசியாக ஒப்பந்தம் கேட்டவர்.

2012இல் அந்த வரிசையின் கடைசியில் நின்றவர் ஜேம்ஸ் ஹார்டன். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அந்த ஜூனில் இறுதிச்சுற்று ஆடி மயாமியிடம் தோற்றிருந்தது. கெவின் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஹார்டன் மூவருக்கும் வயது 24ஐத் தாண்டவில்லை. முதல் இருவரும் ஏற்கெனவே பெரும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருந்தனர். ஆகஸ்டில் செர்ஜ் இபாகாவும் கையெழுத்திட்டார். மாற்று வீரராகக் களமிறங்கி அந்த ஆண்டின் சிறந்த ஆறாவது வீரர் விருது பெற்றிருந்த ஹார்டனுக்கு அணி முன்வைத்தது நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5.5 கோடி டாலர். அவர் கேட்ட உச்சத் தொகை ஏறத்தாழ 6 கோடி. இடைவெளி அரைக்கோடி. 2011 கதவடைப்புக்குப் பின் எழுதப்பட்ட புதிய உடன்பாட்டில் ஆடம்பர வரி படிப்படியாக ஏறும் வரியாக்கப்பட்டிருந்தது. வரம்பைத் தாண்டிய முதல் 50 லட்சத்துக்கு டாலருக்கு 1.50, அதற்கு மேல் 1.75, பிறகு 2.50, 3.25 என்று. அது நடைமுறைக்கு வரவிருந்தது 2013-14இல். ஹார்டனின் புதிய ஒப்பந்தம் தொடங்கவிருந்ததும் அதே பருவத்தில். அக்டோபர் 27 அன்று பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஹூஸ்டன் ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடி கொடுத்தது.

சிறு நகரம், சிறு சந்தை, வேறு வழியில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். இதை அந்த நகரத்தின் வரவுசெலவோடு வைத்துப் பார்ப்பது பொருத்தம். தண்டர் 2008 வரை சியாட்டிலின் அணி. 41 ஆண்டுகள் அங்கே இருந்தது. புதிய அரங்குக்குப் பொதுப்பணம் தர வாஷிங்டன் மாநிலம் இசையாததால் உரிமையாளர்கள் அணியை ஓக்லஹோமாவுக்கு எடுத்துச் சென்றனர். 2008 மார்ச்சில் ஓக்லஹோமா சிட்டி வாக்காளர்கள் தம் அரங்கை மேம்படுத்த ஒரு விழுக்காடு விற்பனை வரியைத் தங்கள் மீதே விதித்துக்கொண்டனர். அதன் மதிப்பு ஏறத்தாழ 12 கோடி டாலர். நகரத்து மளிகைக் கடையில் பொருள் வாங்கிய ஒவ்வொருவரும் அந்த அணிக்காக வரி கட்டினர். நான்கு ஆண்டுகளில், வரிக்கு அஞ்சி அணி தன் மூன்றாவது நட்சத்திரத்தை அனுப்பியது. இரண்டு வரிகளும் ஒரே கணக்கேட்டில் ஒருபோதும் எழுதப்படவில்லை.

பின்னர் நடந்தது பலருக்கும் தெரியும். டுரான்ட் 2014இலும், வெஸ்ட்புரூக் 2017இலும், ஹார்டன் 2018இலும் ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றனர். மூவரும் ஒன்றாக இருந்த அணி மறுபடி அமையவில்லை. 2016இல் தண்டர் மேற்குப் பிரிவு இறுதியில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்றுத் தோற்றது. அந்தக் கோடையில் டுரான்ட் அதே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அவர் போக முடிந்ததற்கு ஒரு காரணம் 2014இல் கையெழுத்தான 2,400 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம். அதனால் 2016இல் உச்சவரம்பு ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்கு உயர்ந்து, ஏற்கெனவே வலுவான அணிகளுக்கும் இடம் உண்டாயிற்று. இதே தாவல் ஹார்டன் பற்றிய கணக்கையும் திருப்பிப் போடுகிறது. 2012இல் தாங்க முடியாததாகத் தோன்றிய அவருடைய ஒப்பந்தம் 2016இல் எந்த அணியும் பொறாமைப்படக்கூடிய மலிவு. தொலைக்காட்சி உரிமை 2016இல் புதுப்பிக்கப்படவிருந்தது 2012இலும் அறியப்பட்ட செய்திதான். எவ்வளவு உயரும் என்பதை மட்டுமே ஊகிக்க வேண்டியிருந்தது. ஆனால் வரி அட்டவணை அச்சிடப்பட்ட எண். அச்சிட்ட எண்ணுக்கும் ஊகத்துக்கும் இடையே மேலாளர்கள் எதைத் தேர்வார்கள் என்பதில் ஐயமில்லை.

ஹார்டன் இருந்திருந்தால் பட்டம் வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வது வரலாற்று ஆசிரியரின் வேலை அன்று. ஒரே பந்தை மூன்று பேர் பகிர்வதில் சிக்கல் எழுந்திருக்கலாம். 2013இல் வெஸ்ட்புரூக்குக்கு நேர்ந்த முழங்கால் காயம் எப்படியும் நேர்ந்திருக்கலாம். சொல்லக்கூடியது இவ்வளவே: அந்த முடிவு ஹார்டனின் ஆட்டத்தைப் பற்றிய மதிப்பீடாக இருக்கவில்லை.

டுரான்ட் சென்ற விதம் உரிமையாளர்களை அச்சுறுத்தியது. 2017 உடன்பாட்டில் ஒரு புதிய விலக்கு சேர்ந்தது. விருதுகள் பெற்ற வீரர், தன்னை வளர்த்த அணியிலேயே தங்கினால், பணிக்காலம் நிறையும் முன்பே 35 விழுக்காட்டு உச்சத்தைப் பெறலாம். வேறு அணிக்குப் போனால் அந்தத் தகுதி போய்விடும். சூப்பர்மேக்ஸ் என்று பேச்சு வழக்கில் நிலைத்துவிட்ட இதன் நோக்கம் வெளிப்படையானது: நட்சத்திரம் சொந்த ஊரில் நிற்க வேண்டும். முதல் கோடையிலேயே ஸ்டீஃபன் கரி, ஹார்டன், ஜான் வால், வெஸ்ட்புரூக் நால்வரும் அதில் கையெழுத்திட்டனர். நான்கு ஆண்டுகள் கழிவதற்குள் கரியைத் தவிர மூவரும் கைமாறிவிட்டனர். 2020 டிசம்பரில் வாலும் வெஸ்ட்புரூக்கும் ஒருவருக்கொருவர் ஈடாகவே மாற்றப்பட்டனர். இரு தரப்புச் சம்பளமும் ஏறத்தாழ ஒத்திருந்தால்தான் பரிமாற்றம் செல்லும் என்பது விதி; அத்தனை பெரிய ஒப்பந்தத்துக்கு ஈடாக அத்தனை பெரிய இன்னோர் ஒப்பந்தம்தானே கிடைக்கும்.

அந்தத் தர்க்கம் முற்றிய இடம் டல்லஸ். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் டல்லஸ் மேவரிக்ஸ், லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆன்தணி டேவிஸையும் மேக்ஸ் கிறிஸ்டியையும் 2029இன் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் பெற்றது. டோன்சிச்சுக்கு வயது 25. எட்டு மாதங்களுக்கு முன் அணியை இறுதிச்சுற்றுக்கு இட்டுச் சென்றவர். டேவிஸ் அவரைவிட ஏறத்தாழ ஆறு வயது மூத்தவர். தற்காப்பு ஆட்டமே பட்டம் தரும் என்பது பொது மேலாளர் நிகோ ஹாரிசன் சொன்ன காரணம். வீரரின் உடற்தகுதி பற்றிய கவலை பற்றியும் செய்திகள் வந்தன. பின்னணியில் இருந்த எண் இது: அந்தக் கோடையில் டோன்சிச் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 34.5 கோடி டாலர் சூப்பர்மேக்ஸ் ஒப்பந்தத்துக்குத் தகுதி பெறவிருந்தார். 2023 உடன்பாட்டிலோ இரண்டாம் வரம்பு என்ற ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைத் தாண்டும் அணிக்குப் பண அபராதத்தோடு பரிமாற்றங்களிலும் கடும் தடைகள். தங்கவைப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பரிசு, அனுப்பிவிடுவதற்கான அச்சமாக மாறியது. கைமாறிய கணத்தில் அந்தத் தகுதியும் மறைந்தது. வீரர் கேட்கவில்லை, அவருக்கு முன்கூட்டிச் சொல்லவுமில்லை. அவர் இழக்கக்கூடிய தொகையைப் பற்றிய முடிவில், 1965இன் சேம்பர்லினைப் போலவே, அவருக்கும் தரப்பு இல்லை.

டல்லஸ் ரசிகர்கள் அரங்குக்கு வெளியே சவப்பெட்டியோடு கூடினர். ஏப்ரலில் எதிரணிச் சட்டையில் அங்கே திரும்பிய டோன்சிச் 45 புள்ளிகள் எடுத்தார். அரங்கமே எழுந்து தன் எதிரணி வீரரைக் கொண்டாடியது. பிறகு, 1.8 விழுக்காடு வாய்ப்பே இருந்த குலுக்கலில் டல்லஸுக்கு முதல் தேர்வு உரிமை விழுந்து கூப்பர் ஃபிளாக் என்ற இளைஞர் கிடைத்தார். அதிர்ஷ்டம் தீர்ப்பைச் சற்றுக் குழப்பியதே தவிர மாற்றவில்லை. நவம்பரில் ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார்.

ஓக்லஹோமா சிட்டி இதற்கிடையே எதிர்த்திசையில் போயிற்று. 2019இல், வெளியேற விரும்பிய பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்கு அனுப்பிய அதே பிரெஸ்டி, ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் வாங்கினார். அவற்றில் ஒன்றில் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025 ஜூனில், கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் மதிப்புமிக்க வீரர் விருது பெற்ற பருவத்தில், தண்டர் பட்டம் வென்றது. நட்சத்திரத்தை அனுப்புவதே ஞானம் என்று மேற்கோள் காட்டப்படும் எடுத்துக்காட்டு இதுதான். ஆனால் வந்தவர்கள் அப்போது புதுமுகச் சம்பளத்திலோ அதையொட்டிய நிலையிலோ இருந்தனர் என்பது அந்த மேற்கோளில் விடுபட்டுவிடும். புதுமுகச் சம்பளமும் விதியால் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு விலையே.

பட்டம் வென்ற சில வாரங்களில் அந்த அணி மூவரோடும் ஒப்பந்தத்தை நீட்டித்தது: கில்ஜஸ்-அலெக்ஸாண்டருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 28.5 கோடி டாலர், வில்லியம்ஸுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 28.7 கோடி வரை, செட் ஹோம்கிரனுக்கு 25 கோடி வரை. 2012இல் மூன்றாமவருக்கு மறுக்கப்பட்டது இம்முறை மூவருக்கும் கொடுக்கப்பட்டது. நகரம் 2023 டிசம்பரில் வாக்களித்து, குறைந்தது 90 கோடி டாலரில் ஒரு புதிய அரங்கைக் கட்ட மீண்டும் விற்பனை வரிக்கு ஒப்புக்கொண்டுள்ளது. மூன்று ஒப்பந்தங்களும் ஒருங்கே நடைமுறைக்கு வருவது 2027-28 பருவத்தில். இரண்டாம் வரம்பின் தடைகள் அந்த அணியை நெருங்குவதும் அப்போதுதான்.